மலை ஓடைக்குப் பாலம் கட்டுவது எப்படி? நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் பல ஆண்டுகள் சிறுபாலங்களும் பாலங்களும் கட்டும் வேலையில் இருந்தேன். வேலை நடக்கும் இடத்துக்கு வந்து, குடையைச் சாய்த்துப் பிடித்தபடி மக்கள் கேட்ட கேள்விகள்தான் கீழே இருப்பவை. தோட்டத் தொழிலாளர்கள், ஊராட்சி உறுப்பினர்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று எல்லோரும் கேட்டார்கள். கான்கிரீட் லாரி காத்திருக்கும் அவசரத்தில் பாதிப் பதிலோடு நகர்ந்த நாட்கள் உண்டு. மீதிப் பாதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர் ஓடுகிறது. அதற்கு எதற்கு இவ்வளவு பெரிய பாலம்?

நீங்கள் பார்ப்பது பிப்ரவரி மாதத்து ஓடை. நாங்கள் கணக்குப் போடுவது வேறொரு நாளின் ஓடைக்கு. 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் மழை கொட்டியது. சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் அது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 900 மி.மீ.யைத் தாண்டியது. இந்த இரண்டு நாட்களையும் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஓடை என்ற சொல்லையே அவர்கள் பயன்படுத்த மாட்டார்கள்.

10 சதுர கி.மீ. பரப்பில் 100 மி.மீ. மழை பெய்தால் 10 லட்சம் கன மீட்டர் தண்ணீர் சேரும். சமவெளியில் அது வயலில் பரவும், கண்மாயில் தங்கும், ஆற அமர ஆற்றுக்கு வரும். மலையில் தங்க இடம் இல்லை. ஓரிரு மணி நேரத்தில் மொத்தமும் பாலத்தடிக்கு வந்து நிற்கும். வெறும் தண்ணீராகவும் வராது. ஓடும் நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்பது நீரியலில் பழைய விதி. கோடையில் துணி துவைக்க உட்கார்ந்த பாறை, ஐப்பசியில் ஒரு கி.மீ. கீழே கிடப்பது இதனால்தான்.

வெள்ளம் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்?

ஒரே வழியில் தெரியாது. அதனால் பல வழிகளில் கணக்கிட்டு ஒன்றோடொன்று ஒப்பிடுகிறோம்.

முதலில், அந்த ஓடைக்குத் தண்ணீர் வரும் நிலப்பரப்பு முழுவதையும் வரைபடத்தில் அளக்கிறோம். அதுதான் நீர்ப்பிடிப்புப் பகுதி. சென்னை மாகாணத்துக்காக 1884-இல் ரைவ்ஸ் என்பவர் வகுத்த சூத்திரம் ஒன்று இன்றும் எங்கள் கையேடுகளில் இருக்கிறது. நீர்ப்பிடிப்புப் பகுதியின் பரப்பை மூன்றில் இரண்டு மடிக்கு உயர்த்தி, அதாவது அதன் வர்க்கத்தின் கனமூலத்தை எடுத்து, ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். மலையை ஒட்டிய பகுதிகளுக்கு அந்த எண் 10.2. பரப்பு 10 சதுர கி.மீ. என்றால் விநாடிக்குச் சுமார் 47 கன மீட்டர் வரும்.

அடுத்தது மழையின் தீவிரத்திலிருந்து கணக்கிடும் முறை. அதே 10 சதுர கி.மீ.யில் மணிக்கு 40 மி.மீ. வீதம் பெய்கிறது, அதில் நூற்றுக்கு 60 பங்கு மண்ணில் இறங்காமல் ஓடிவிடுகிறது என்று வைத்துக்கொண்டால் விநாடிக்கு 67 கன மீட்டர் வரும். இரண்டு விடைகளுக்கும் எவ்வளவு இடைவெளி பாருங்கள். ரைவ்ஸ் சூத்திரத்துக்குப் பரப்பு மட்டும்தான் தெரியும். மேலே இருப்பது சோலைக்காடா, தேயிலையா, சிமெண்ட் போட்ட வாகன நிறுத்தமா என்பது அதற்குத் தெரியாது. சோலை மழையைக் குடிக்கும், கட்டடக் கூரை குடிக்காது. மேலே ஒரு விடுதி வந்தால் கீழே இருக்கும் பாலத்தின் கணக்கு மாறிவிடுகிறது. இதைச் சொன்னால் பலருக்குக் கசக்கிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஊரில் வயதானவர்களை ஓடைக்கரைக்கு அழைத்துப் போய், 'எந்த மட்டம் வரை தண்ணீர் வந்தது?' என்று கேட்பது. பெரும்பாலும் ஒரு மரத்தையோ, கோயில் படியையோ, பாறை இடுக்கில் இன்னும் சிக்கியிருக்கும் காய்ந்த குச்சிகளையோ காட்டுவார்கள். அந்த மட்டத்தை அளந்து, ஓடையின் சரிவையும் குறுக்குவெட்டையும் வைத்து வெள்ளத்தைப் பின்னோக்கிக் கணக்கிடலாம். ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், பாட்டி ஒருவர் காட்டிய மட்டம் என் கணக்கைவிட ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து சரிபார்த்தேன். பாட்டி சொன்னதுதான் சரி. நான் மேலே சேரும் ஒரு கிளை ஓடையை வரைபடத்தில் தவறவிட்டிருந்தேன்.

இந்த விடைகளில் பெரியதை எடுத்துக்கொள்கிறோம். அடுத்த பெரிய விடையைவிட அது பாதிக்கு மேல் அதிகமாக இருந்தால், ஒன்றரை மடங்கோடு நிறுத்திக்கொள்ள இந்தியச் சாலைப் பேராயத்தின் நெறிமுறை இடம் தருகிறது. பிறகு, வெள்ள மட்டத்துக்கும் பாலத்தின் அடிப்பகுதிக்கும் நடுவே வெற்றிடம் விடவேண்டும். விநாடிக்கு 30 முதல் 300 கன மீட்டர் வரை ஓடும் இடத்தில் அது குறைந்தது 900 மி.மீ. மிதந்து வரும் மரங்களுக்கான இடம் அது. கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் கரை நெடுக நிற்கும் ஓடையில் இன்னும் கூடுதலாக விடுவது என் வழக்கம்.

இரண்டு பெரிய சிமெண்ட் குழாய்களைப் போட்டு மேலே மண் கொட்டினால் செலவு குறையுமே?

குறையும், முதல் பெருமழை வரை. கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டச் சாலையில் அப்படிப் போட்டிருந்தார்கள். தண்ணீர் போக அந்தக் குழாய்கள் போதும். ஆனால் மழையில் ஒரு கற்பூர மரம் அடியோடு பெயர்ந்து வந்து இரண்டு வாய்க்கும் குறுக்கே படுத்துவிட்டது. இலை, தழை, மண் எல்லாம் அதன்மேல் அப்பிக்கொள்ள, தண்ணீர் சாலைமேல் ஏறி பக்கத்து மண்ணை அறுத்துக்கொண்டு போனது. காலையில் நாங்கள் போனபோது குழாய்கள் ஒரு கீறலும் இல்லாமல் கிடந்தன. இரு பக்கமும் சாலை இல்லை. மறுகரையில் 30 வீடுகள். அன்று பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணை நாற்காலியில் வைத்துச் சுமந்து ஓடையைக் கடக்கச் செய்தார்கள்.

மரம் வராத சிறிய வாய்க்காலுக்குக் குழாய் போதும். கல்லும் மரமும் வரும் ஓடைக்கு ஒரே அகலமான திறப்புதான் வேண்டும்.

சிறுபாலம், பாலம் என்று ஏன் பிரித்துச் சொல்கிறார்கள்?

நீளத்தை வைத்துத்தான். 6 மீட்டர் வரை சிறுபாலம், 60 மீட்டர் வரை சிறிய பாலம், அதற்கு மேல் பெரிய பாலம்.

ஆற்றின் நடுவில் ஒரு தூண் வைத்தால் மேல்தளம் மெலிதாக இருக்குமே, ஏன் வைக்கவில்லை?

சமவெளி ஆற்றில் வைப்போம். மலையில் நடுத்தூண் என்பது உருண்டு வரும் ஒவ்வொரு பாறைக்கும் நெஞ்சைக் காட்டி நிற்பது போன்றது. மரம் வந்து சிக்குவதும் அங்கேதான். தூணைச் சுற்றிச் சுழலும் நீர் அடிமண்ணைத் தோண்டும். இந்த அரிப்பின் ஆழத்தைக் கணக்கிடும்போது, கரைத்தூண் அருகே சராசரி அரிப்பின் 1.27 மடங்கையும் நடுத்தூண் அருகே 2 மடங்கையும் எடுத்துக்கொள்கிறோம். நடுத்தூணின் ஆபத்தை அந்த இரண்டு எண்களே சொல்லிவிடும். அதனால் 20, 25 மீட்டர் வரை ஒரே தாவலில் கடந்துவிடுவது நல்லது. தளம் தடிமனாகும், செலவு கூடும். கூடட்டும்.

எந்த வகைப் பாலம் என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

சுமார் 10 மீட்டர் வரை தட்டையான கான்கிரீட் பலகை போதும். 25 மீட்டர் வரை, பலகைக்கு அடியில் உத்திரங்கள் கொண்ட பாலம் சிக்கனமானது. அதற்கு மேல் 40 மீட்டர் வரை முன்தகைவு உத்திரங்கள். அதாவது கான்கிரீட்டுக்குள் எஃகு வடங்களை முன்கூட்டியே இழுத்து இறுக்கி வைப்பது. புத்தகத்தில் இவ்வளவுதான்.

மலையில் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது: அந்த உத்திரம் கொண்டை ஊசி வளைவில் திரும்புமா? 30 மீட்டர் உத்திரத்தை ஏற்றிய டிரெய்லர் கல்லட்டி மலைப்பாதையில் என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே பெரும்பாலும் இடத்திலேயே சென்ட்ரிங் அடித்து வார்க்கிறோம், அல்லது எஃகு உத்திரத்தைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து மேலே போல்ட் போட்டு இணைக்கிறோம். வடிவமைப்பவர் மேசையில் உட்காருவதற்கு முன் ஒருமுறை லாரியில் மலையேறி வரவேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதற்காகத்தான்.

பாறை தெரிகிறதே, அதன்மேலேயே அஸ்திவாரம் போட்டுவிடலாமா?

இந்தக் கேள்விக்கு அவசரமாக ஆம் சொன்னவர்கள் பிறகு வருந்தியிருக்கிறார்கள். நீலகிரியின் அடிப்பாறை சார்னோகைட். மிகக் கடினமானது. ஆனால் லட்சக்கணக்கான ஆண்டுகளாக மழையும் வெயிலும் அதன் வெடிப்புகளின் வழியே இறங்கி, பாறையை விளிம்பிலிருந்து மக்கச் செய்திருக்கின்றன. மக்காத உட்பகுதிகள் உருண்டைகளாகச் செம்மண்ணுக்குள் தங்கிவிட்டன. சில உருண்டைகள் ஒரு வீட்டளவு பெரியவை. தோண்டும்போது கடப்பாரை 'டங்' என்று ஒலித்தால் எல்லோரும் பாறை கிடைத்துவிட்டது என்று மகிழ்வார்கள். அது அடிப்பாறையா, மண்ணில் மிதக்கும் உருண்டையா என்பது ஒலியில் தெரியாது.

துளையிட்டுத்தான் பார்க்கவேண்டும். ஒவ்வொரு கரைத்தூணுக்கும் இரண்டு மூன்று இடங்களில் துளையிட்டு, பாறைக்குள் 3 மீட்டராவது இறங்கி, வெளிவரும் கல்துண்டுகளைப் பெட்டியில் வரிசையாக அடுக்கச் சொல்வேன். இரண்டு மீட்டர் கல்லுக்குப் பிறகு செம்மண் வந்தால் அது உருண்டைதான். ஒருமுறை ஒரே தூணின் இடது மூலையில் 2 மீட்டரிலும் வலது மூலையில் 7 மீட்டரிலும் அடிப்பாறை கிடைத்தது. பாதி அஸ்திவாரம் பாறையிலும் பாதி மண்ணிலும் உட்கார்ந்தால், மண் பக்கம் மட்டும் இறங்கி, தூண் விரிசல் விடும். வலது பக்கத்தை 7 மீட்டர் வரை தோண்டி கான்கிரீட் நிரப்பிய பிறகே மேலே போனோம். ஒப்பந்ததாரருக்கு வருத்தம்தான். அந்தத் தூண் 2009 மழையில் அசையவில்லை.

உண்மையான கடினப் பாறை என்றால் அதற்குள் 0.6 மீட்டர் வெட்டி அஸ்திவாரத்தைப் பதிப்போம். மென்பாறை என்றால் 1.5 மீட்டர்.

எவ்வளவு எடையைத் தாங்கும்?

நீங்கள் நினைப்பதைவிட அதிகம். இந்தியச் சாலைப் பேராயத்தின் நெறிமுறைப்படி '70 ஆர்' எனப்படும் சுமைக்கு வடிவமைக்கிறோம். அதில் சக்கர வாகனத்தின் மொத்த எடை 100 டன். தேயிலை லாரியோ பஸ்ஸோ அதன் அருகில்கூட வராது. மலைப் பாலங்கள் எடை தாளாமல் விழுந்து நான் பார்த்ததில்லை. அடிமண்ணைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனதால் விழுந்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

மலை ரயில் பாலங்கள் நூறாண்டுக்கு மேல் நிற்கின்றன. இப்போது கட்டுபவை ஏன் அப்படி நிற்பதில்லை?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலான பாதை 1899-இலும், உதகை வரையிலான நீட்டிப்பு 1908-இலும் திறக்கப்பட்டன. 46 கி.மீ. தூரத்தில் 250 பாலங்கள். கல்லாறு முதல் குன்னூர் வரை, 12 அடி முன்னே போனால் 1 அடி மேலே ஏறும் அளவுக்குச் செங்குத்து. அந்தப் பாலங்கள் எடையைத் தாங்கினால் மட்டும் போதாது. இறங்கும் ரயில் பிரேக் போடும்போது பாலத்தையே சரிவில் தள்ளப் பார்க்கும். அந்தத் தள்ளுவிசையையும் தாங்கவேண்டும். கட்டியவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை பொங்குகிறது. பாறையை உளியால் கொத்தி, கல்லைத் தோளில் சுமந்து, காய்ச்சலில் விழுந்து எழுந்து வேலை செய்த தொழிலாளர்களுக்கும் சேர்த்தே அந்த மரியாதை.

ஆனால் அவை நிற்பதற்குக் கல் மட்டும் காரணம் இல்லை. அந்தப் பாதையில் ரயில்வே ஊழியர்கள் நடந்தே போய்ப் பார்க்கிறார்கள். தளர்ந்த போல்ட்டை முடுக்குகிறார்கள், இரும்புக்கு வண்ணம் பூசுகிறார்கள், அடைத்த நீர்வழியைத் திறக்கிறார்கள். மழையில் பாதை மூடப்படும், சரிசெய்யப்படும், மீண்டும் ஓடும். நம் சாலைப் பாலத்தை ரிப்பன் வெட்டிய நாளுக்குப் பிறகு யார் இறங்கிப் பார்த்தார்கள்? இன்றைய கான்கிரீட் பாலங்களுக்கு 100 ஆண்டு ஆயுள் என்று வைத்துத்தான் நெறிமுறை எழுதப்பட்டிருக்கிறது. பார்ப்பாரற்றுக் கிடந்தால் நூறு வராது.

வேலையை எந்த மாதத்தில் தொடங்கவேண்டும்?

உங்கள் ஊர் எந்தச் சரிவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூனில் கொட்டத் தொடங்கும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை. கொடைக்கானல் மலைகளிலும் வடகிழக்குப் பருவமழைதான் பெரியது. எங்கும் பொதுவான காலம் ஜனவரி முதல் மே வரை. இதற்குள் அஸ்திவாரம் முடிந்து தூண் வெள்ள மட்டத்துக்கு மேல் ஏறிவிடவேண்டும். பணி ஆணை மே மாதம் கையில் கிடைத்தால், கூடலூரில் அஸ்திவாரம் தோண்டுவதைத் தள்ளிப்போடுவதே நேர்மை. திறந்து கிடக்கும் குழியில் மழை இறங்கினால் மேலே இருக்கும் சரிவும் சேர்ந்து இறங்கும்.

காப்புக்காடு வழியாகப் போகும் பாலம் என்றால் வனத்துறை அனுமதிக்கும் காலம் ஒதுக்குங்கள். யானைகள் ஓடையைக் கடக்கும் இடம் எது என்பதைப் பழங்குடி மக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாலத்தை 50 மீட்டர் தள்ளி வைத்தால் யானைக்கும் மனிதருக்கும் வழி கிடைக்கும்.

உதகைக் குளிரில் கான்கிரீட் இறுகுமா?

இறுகும், மெதுவாக. சிமெண்ட்டும் நீரும் சேர்ந்து நடக்கும் வேதிவினை குளிரில் தளர்ந்துவிடும். வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே போனால் குளிர்காலக் கான்கிரீட் என்று தனி விதிகளே உண்டு. உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி இரவுகளில் புதுக் கான்கிரீட்டைச் சாக்கும் தார்ப்பாயும் போட்டு மூடுகிறோம். சமவெளியில் பழகிய மேஸ்திரிகள் அங்கே கணக்கு வைக்கும் அதே நாளில் சென்ட்ரிங் பலகையைக் கழற்றப் பார்ப்பார்கள். விடக்கூடாது. 150 மி.மீ. கனசதுரங்களை வார்த்து, 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் நசுக்கிப் பார்த்த பிறகு முடிவு செய்யவேண்டும். மூடுபனி ஈரமாக இருக்கிறதே, தண்ணீர் ஊற்ற வேண்டாமே என்பதும் தவறு. மதிய வெயிலும் காற்றும் தளத்தை உலர்த்திவிடும்.

பாலத்தின் முனையில் ஏன் இடைவெளி விட்டிருக்கிறீர்கள்? வண்டி தடதடக்கிறது.

பாலம் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். 30 மீட்டர் தளம், 30 டிகிரி வேறுபாட்டில் சுமார் 11 மி.மீ. நகரும். நகர விடாவிட்டால் தூணைப் பிளக்கும். அந்த இடைவெளியில் மண் அடைந்தால் சுத்தம் செய்யுங்கள், தார் ஊற்றி மூடாதீர்கள்.

எங்களுக்கு மறுகரை போக ஒரு தொங்கு பாலமாவது கிடைக்குமா?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது தெங்குமரஹாடா மக்கள்தான் நினைவுக்கு வருவார்கள். பஸ் மாயாற்றின் கரையோடு நின்றுவிட, பரிசலில் ஏறி ஊருக்குப் போன தலைமுறைகள் அவை. ஆற்றில் நீர் ஏறினால் அதுவும் இல்லை. காடு, புலிகள் காப்பகம், மாற்றுக் குடியேற்றம் என்று அங்கே பல கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஆற்றைக் கடக்கும் கணக்கு மட்டும் எளிமையானது.

ஆறு 60 மீட்டர் அகலம், பாலத்தின் நடைபாதை 1.2 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஆட்கள் நெருக்கி நின்றால் சதுர மீட்டருக்கு 400 கிலோ. பாலத்தின் சொந்த எடையும் சேர்ந்து மீட்டருக்கு 630 கிலோ என்றால், வடம் நடுவில் 6 மீட்டர் தொய்ந்திருக்கும்போது வடங்களில் 47 டன் இழுவிசை வரும். பார்வைக்கு நேராக இருக்கட்டும் என்று தொய்வை 3 மீட்டராகக் குறைத்தால் 94 டன்னுக்கு மேல் ஏறிவிடும். தொங்கு பாலம் தொய்ந்துதான் இருக்கவேண்டும். அந்த 47 டன்னையும் கடைசியில் கரையில் புதைத்த நங்கூரக் கட்டைதான் பிடித்துக்கொள்கிறது. அது நல்ல பாறையில் பதியாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

அசைவையும் பார்க்கவேண்டும். நடக்கும் மனிதர்கள் விநாடிக்குச் சுமார் இரண்டு முறை கால் எடுத்து வைப்பார்கள். பாலத்தின் இயல்பான ஆட்டம் அதோடு ஒத்துப்போனால் ஆட்டம் வளரும். லண்டனில் 2000-இல் திறந்த மில்லேனியம் நடைபாலத்தை இரண்டே நாளில் மூடவேண்டி வந்தது. பக்கவாட்டுக் கம்பிவடங்கள் கட்டினால் சிறிய பாலங்களில் இது அடங்கும். குஜராத்தின் மோர்பியில் 2022 அக்டோபர் 30 அன்று பழைய தொங்கு பாலம் அறுந்து 130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வடத்தின் இழைகள் பல ஏற்கெனவே துருப்பிடித்திருந்ததாக விசாரணையில் தெரிந்தது. மூடுபனி சூழ்ந்த மலையில் துரு இன்னும் வேகமாக ஏறும். ஆண்டுக்கொருமுறை வடத்தைச் சோதிக்க ஆளும் பணமும் ஒதுக்கிவிட்டுத்தான் தொங்கு பாலம் கேட்கவேண்டும்.

ராணுவம் ஒரே இரவில் பாலம் போடுகிறதே, நமக்கும் அப்படிப் போடலாமா?

அது பெய்லி பாலம். ஆட்களே தூக்கக்கூடிய எஃகுச் சட்டங்களை ஊசிகளால் கோத்து, ஒரு கரையிலிருந்து தள்ளி மறுகரை சேர்ப்பது. 2024-இல் வயநாடு சூரல்மலையில் மெட்ராஸ் பொறியாளர் படையினர் 190 அடி நீளத்தில் அமைத்தது அதுதான். அவசரத்துக்கு அதற்கு இணையில்லை. நிரந்தரமாக வைத்தால் ஊசிகளையும் சட்டங்களையும் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பாலம் நிற்கிறது, பக்கத்துச் சாலை மட்டும் ஒவ்வொரு மழைக்கும் போய்விடுகிறது. ஏன்?

கரைத்தூணுக்குப் பின்னால் நிரப்பிய மண்ணில் தண்ணீர் இறங்கி வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. ஊறிய மண் சுவரைத் தள்ளும். அதனால்தான் சுவரில் கசிவுத் துளைகள் விடுகிறோம். அவற்றின் பின்னால் ஜல்லி வடிகட்டி அடுக்கு இருக்கவேண்டும். பல இடங்களில் துளை மட்டும் இருக்கும், பின்னால் வெறும் செம்மண்ணைத் தள்ளியிருப்பார்கள். இரண்டு மழையில் துளை அடைந்துவிடும். சாலையோர வாய்க்கால், கரைத்தூணின் பக்கத்தில் விரிந்து மண்ணைப் பிடித்து நிற்கும் சிறகுச்சுவரின் தலையில் வந்து கொட்டுவது இன்னொரு காரணம். அந்த நீரைப் படிப்படியாகக் கட்டிய சரிவு வாய்க்காலில் ஓடைக்கு இறக்கவேண்டும்.

திறப்பதற்கு முன் சோதித்துப் பார்ப்பீர்களா?

தேவைப்படும்போது செய்கிறோம். மணல் மூட்டைகளையோ எடையேற்றிய லாரிகளையோ 24 மணி நேரம் பாலத்தில் நிறுத்தி, தளம் எத்தனை மி.மீ. தாழ்கிறது என்று அளப்போம். எடையை இறக்கிய பிறகு, அடுத்த 24 மணி நேரத்தில் தாழ்ந்ததில் நூற்றுக்கு 75 பங்காவது திரும்பி மேலே வரவேண்டும். முன்தகைவுப் பாலம் என்றால் 85 பங்கு.

ஊர்க்காரர்கள் நாங்கள் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

நிறைய இருக்கிறது. பருவமழைக்கு ஒரு மாதம் முன்பு பாலத்தடியில் இறங்குங்கள். சிக்கியிருக்கும் மரத்துண்டுகளை எடுங்கள், கசிவுத் துளைகளைக் குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். தூணின் அடியில் அஸ்திவாரத்தின் விளிம்பு வெளியே தெரிந்தால் போட்டோ எடுத்து, தேதியோடு ஊராட்சியில் எழுதிக் கொடுங்கள். குப்பையையும் கட்டட இடிபாட்டையும் ஓடையில் கொட்டுபவரைத் தடுத்து நிறுத்துங்கள்.

பெருவெள்ளம் வந்து வடிந்த மறுநாள், தண்ணீர் ஏறிய மட்டத்தைப் பாறையிலோ தூணிலோ வண்ணத்தால் கோடிட்டு, தேதியையும் எழுதி வையுங்கள். அடுத்த பாலத்தை வடிவமைக்க வரும் பொறியாளர் அந்தக் கோட்டைத் தேடித்தான் முதலில் ஓடையில் இறங்குவார்.